குனிஞ்சு பாத்தாத்தான் வண்டியோட பூர்வீகம் தெரியும்

பழைய வண்டியைப் பத்திப் பேச்சு வந்தா நம்ம ஆளுங்க எல்லாரும் முகத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. அம்பாசிடர் கிரில்லு, பத்மினி ஹெட்லைட்டு, லேலண்ட் லாரியோட மூக்கு. கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க இன்ஜினைப் பத்திப் பேசுவாங்க. பின் சக்கரத்துக்கு நடுவுல, சேறும் கிரீஸும் அப்பி, ஒரு உருண்டையோட படுத்துக் கிடக்கிற ரியர் ஆக்சிலை மட்டும் யாரும் கண்டுக்கறதில்ல. ஆனா ஒரு பழைய வண்டி எங்கே பொறந்துச்சு, எந்தக் குடும்பம், நடுவுல யார் யார் கை வெச்சாங்கன்னு உண்மையைச் சொல்றது பெரும்பாலும் அதுதான். பெயின்ட்டை மாத்தலாம், பாடி கட்டலாம், பெட்ரோல் இன்ஜினைக் கழட்டி டீசல் வைக்கலாம். ஆர்சி புக்குல சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான் இருக்கும். ஆக்சிலுக்கு அங்கே இடமே கிடையாது. அதனால அதுல பொய் எழுத யாருக்கும் அவசியம் வர்றதில்ல :)

திருப்பூர்ல இதைப் படிக்க வசதி அதிகம். பனியன் தொழிலே ஜாப் ஒர்க்லதான் ஓடுது. நூல் மூட்டை நிட்டிங்குக்குப் போகணும், துணி சாயப்பட்டறைக்குப் போகணும், அங்கிருந்து காம்பாக்டிங், கட்டிங், பிரின்டிங், தையல், செக்கிங். ஒரு பனியன் பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி ஊரையே நாலு சுத்து சுத்திடும். அதனால 1970, 80-கள்ல இந்தியாவுல கிடைச்ச எல்லாச் சாதி வண்டியும் இங்கே பாரம் ஏத்தியிருக்கு. பல்லடம் ரோட்டுலயும் காங்கயம் ரோட்டுலயும் இருக்கிற பட்டறைகள்ல வயசான மெக்கானிக்குங்ககிட்ட கேட்டீங்கன்னா, இங்கிலாந்து, இத்தாலி, அமெரிக்கா, ஜெர்மனின்னு நாலு தேசத்து ஆக்சிலும் அவங்க கையில பட்டிருக்கும்.

முதல்ல அந்த உருண்டைக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லிடறேன். இன்ஜின்ல இருந்து வர்ற புரொப்பல்லர் ஷாப்ட்டோட நுனியில ஒரு சின்னப் பல்சக்கரம், அது பினியன். அது சுத்தி விடற பெரிய பல்சக்கரம் கிரவுன். வளைவுல திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கம் கம்மியா ஓடணும் இல்லீங்களா? அதுக்கு ஏத்தமாதிரி சுத்தைப் பிரிச்சுக் கொடுக்கிறதுதான் டிஃபரன்ஷியல். இதுக்கு 1827-ல் பிரான்ஸ் நாட்டுல பேடன்ட் வாங்கினவர் ஒனெசிஃபோர் பெக்கர். தொழில் கடிகாரம் செய்யறது. நீராவி வண்டிக்காக யோசிச்ச விஷயம் இன்னிக்கு வரைக்கும் லாரிக்கடியில சுத்திக்கிட்டு இருக்கு.

சரி, அடையாளம் கண்டுபிடிக்கிற கதைக்கு வருவோம்.

உருண்டையோட உருவம்

அம்பாசிடரைப் பின்னாடி இருந்து குனிஞ்சு பாருங்க. ரெண்டு பக்கமும் குழாய், நடுவுல பரங்கிக்காய் மாதிரி வீங்கி, பின்பக்கம் வழுவழுன்னு மூடியிருக்கும். கழட்டறதுக்கு அங்கே போல்ட்டே இருக்காது. டிஃபரன்ஷியலை முன்பக்கமாத்தான் மொத்தமா உருவணும். இதுக்கு பாஞ்சோ ஹவுசிங்னு பேரு, பாஞ்சோ வாத்தியம் மாதிரி இருக்கிறதால. இது இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரீஸோட வாரிசு. அங்கே 1956-ல் வந்த கார், அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல உத்தர்பாராவுல அம்பாசிடரா பொறந்து, 2014 மே மாசம் வரைக்கும் உற்பத்தி ஆச்சு. நடுவுல மார்க் டூ, மார்க் த்ரீ, நோவான்னு எத்தனையோ முகம் மாறிச்சு. 1980 வாக்குல டீசல் வந்துச்சு, 90-கள்ல இசுசு இன்ஜின் வந்துச்சு. பின்னாடி மோரிஸ் காலத்துச் சாயல் மட்டும் போகவே இல்ல.

ஜீப்புல இதுக்கு நேர் எதிர். பின்பக்கம் ஒரு மூடி, சுத்திப் போல்ட். அதைக் கழட்டினா கிரவுன் பல்லைக் காட்டும். உருண்டையும் நடுவுல இருக்காது, வலது பக்கம் ஒதுங்கியிருக்கும். இது அமெரிக்க ஸ்பைசர் குடும்பம். வில்லிஸ் ஜீப்போட வந்து மகிந்திரா வழியா இங்கேயே தங்கிடுச்சு.

கான்டெஸா சுலபம். பட்டை ஸ்பிரிங் இருக்காது, காயில் ஸ்பிரிங் இருக்கும். இங்கிலாந்து வாக்ஸ்ஹால் விக்டரோட வழி வந்த வண்டி அது.

நம்ம ஊர் ஆளுங்களையே குழப்பறது மேட்டடார் வேன்தான். ஒரு காலத்துல பனியன் துணி ஏத்தாத மேட்டடாரே திருப்பூர்ல கிடையாது. அதுக்குப் பின்னாடி குனிஞ்சு பாத்தீங்கன்னா உருண்டையே இருக்காது! பஜாஜ் டெம்போ ஜெர்மனியில இருந்து கொண்டுவந்த அந்த வேனுக்கு இழுவை முன் சக்கரத்துல. அதனாலதான் தரையைத் தாழ்வா வைக்க முடிஞ்சுது, துணி ரோலை ஏத்தி இறக்கறதும் சுலபமா இருந்துச்சு.

ஸ்பானரே சாட்சி

உருவத்தை வெச்சு முடிவு பண்ண முடியலைன்னா ஸ்பானரைப் போட்டுப் பாக்கலாம். மோரிஸ் வழி வந்த அம்பாசிடருக்கும் வில்லிஸ் ஜீப்புக்கும் இஞ்ச் கணக்கு: அரை, ஒன்பது பதினாறு. ஃபியட் வழி வந்த பத்மினிக்கும், 1954-ல் இருந்து டாடாவோட சேர்ந்து வந்த பென்ஸ் லாரிக்கும் மில்லிமீட்டர் கணக்கு: பதிமூணு, பதினேழு. பழைய டாட்ஜ், ஃபார்கோ லாரிங்க அமெரிக்க கிரைஸ்லர் குடும்பம். அதுல இடது பக்கச் சக்கர நட்டு எல்லாம் தலைகீழா சுத்தும். விவரம் தெரியாம வலுவா முறுக்கி போல்ட்டை ஒடிச்ச கிளீனர் பசங்க எத்தனையோ பேரு.

ஹப்பைப் பாரு

லாரிச் சக்கரத்தோட நடுவுல ஒரு தட்டு, அதைச் சுத்தி வரிசையா போல்ட் இருக்கும். அதைக் கழட்டினா ஜாக்கி போடாமலே ஆக்சில் ஷாப்ட்டை உருவிடலாம். பாரம் முழுசையும் ஹவுசிங்கே தாங்குது, ஷாப்ட்டுக்குச் சுத்தற வேலை மட்டும்தான். இது ஃபுல் ஃபுளோட்டிங். சின்ன வண்டிங்க பலதுல ஷாப்ட்டே பாரத்தையும் சேர்த்துத் தாங்கும். அது செமி ஃபுளோட்டிங். அங்கே ஷாப்ட் ஒடிஞ்சா சக்கரமே கழண்டு ஓடிடலாம். அம்பாசிடர் ரெண்டுக்கும் நடுவுல, முக்கால் ஃபுளோட்டிங்.

இந்த விவரமெல்லாம் சும்மா பொழுதுபோக்கு இல்லைங்கிறதுக்கு ஒரு சம்பவம். நிட்டிங் வெச்சிருக்கிற என் நண்பர் ஒருத்தர் ஜீப் மேல ஆசைப்பட்டு, "மிலிட்டரி ஏலத்துல எடுத்தது, 1944 மாடல்"னு சொன்ன ஒருத்தர்கிட்ட அட்வான்ஸ் கொடுத்துட்டார். மீதிப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி பல்லடம் ரோட்டுல ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். அந்த அண்ணனுக்கு எழுபது வயசு நெருக்கம். பானெட்டையே தூக்கல. பின் ஹப்பை ஒரு பார்வை பாத்தார்.

"ஏனுங்க தம்பி, இது மிலிட்டரி ஜீப்புன்னு யாருங்க சொன்னது? மிலிட்டரின்னா நடுவுல தட்டு வெச்சு சின்னச் சின்ன போல்ட்டா இருக்கோணும். இதுல ஒத்தை நட்டுதானுங்க இருக்குது."

அப்புறம் ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினார். கியரை நியூட்ரல்ல விட்டு, புரொப்பல்லர் ஷாப்ட்லயும் டயர்லயும் சாக்பீஸ் கோடு போட்டார். நண்பரைச் சக்கரத்தைச் சுத்தச் சொல்லிட்டு இவர் ஷாப்ட்டை எண்ணினார். ஒரு சக்கரம் தரையில நிக்கும்போது, தூக்கின சக்கரம் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் கிரவுன் ஒரு சுத்து சுத்தும். அதனால ரெண்டு சுத்துக்கு ஷாப்ட் எத்தனைன்னு எண்ணணும். பின்னாடி அஞ்சேகாலுக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு. முன்னாடியும் அதே மாதிரி பண்ணினா அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி.

விஷயம் இதுதான். ரெண்டாம் உலகப் போர் ஜீப்புக்குப் பினியன்ல 8 பல், கிரவுன்ல 39 பல், அதாவது 4.88. போர் முடிஞ்சு பொதுஜனத்துக்கு வந்த சிஜே வரிசைக்கு 8-க்கு 43, அதாவது 5.38. மகிந்திரா இங்கே செஞ்ச சிஜே-3பி இந்த ரெண்டாவது வம்சம். நண்பர் பாத்த வண்டியில முன் ஆக்சில் போர்க்காலத்தது, பின் ஆக்சில் அதுக்கு அப்புறம் வந்தது. யாரோ ரெண்டு வண்டியைச் சேர்த்து ஒண்ணாக்கியிருக்காங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் பத்து சதவீதம். சாதாரணமா ஓட்டற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஃபோர் வீல் டிரைவ் போட்டா முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒண்ணை ஒண்ணு எதிர்த்து இழுக்கும். சேத்துல வழுக்கித் தப்பிச்சுக்கும். கெட்டித் தரையில டிரான்ஸ்ஃபர் கேஸோ ஷாப்ட்டோ ஒடியும். மலை ரோட்டுல அது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நண்பர் வண்டியை வேண்டாம்னுட்டார். அட்வான்ஸ் திரும்பி வரல. ஆள் முழுசா இருக்காரே, அது போதும்.

பல் எண்ணிக்கைங்கிற ஜாதகம்

லாரிக்காரங்க இதை இன்னும் நல்லா அறிஞ்சவங்க. டாடாவோட ஆர்ஏ 109 ஆக்சில்ல 6-க்கு 41 உண்டு, 7-க்கு 41 உண்டு. வெளியில பாக்க வித்தியாசமே தெரியாது. முதலாவது 6.83, ரெண்டாவது 5.86. டாப் கியர்ல புரொப்பல்லர் ஷாப்ட் நிமிஷத்துக்கு 2000 சுத்து சுத்துதுன்னு வெச்சுக்குவோம். சக்கரச் சுத்தளவு சுமார் 3.2 மீட்டர்னா, முதல் வண்டி மணிக்கு 56 கிலோமீட்டர், ரெண்டாவது வண்டி 66 கிலோமீட்டர் போகும். திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி மைசூர் பக்கம் பாரம் அடிக்கிறவருக்கு முதலாவது வேணும். பனியன் பெட்டியோட முன்னூறு கிலோமீட்டருக்கு மேல சமவெளியில தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஓடறவருக்கு ரெண்டாவது வேணும். மாத்தி வாங்கினா டீசல் பணம் ரோட்டுல போகும்.

கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் பொறக்கும். ஒண்ணோட ஒண்ணு உரசிப் பதம் பண்ணி, ரெண்டுலயும் ஒரே ஜோடி எண்ணைப் பொறிச்சிருப்பாங்க. உக்கடத்துலயோ புதுப்பேட்டையிலயோ பழசு வாங்கறவங்க பல்லை எண்ணிட்டு இந்த நம்பரையும் பாக்கணும். வேற வேற ஜோடியைச் சேர்த்தா ரெண்டு மாசத்துல ஊளையிட ஆரம்பிச்சிடும்.

எண்ணெய் விஷயமும் இதோட சேர்ந்ததுதான். அமெரிக்காவுல பேக்கர்ட் கம்பெனி 1926-ல் ஹைப்பாய்டு கியரைக் காருக்குக் கொண்டுவந்துச்சு. பினியன் கிரவுனோட நடுவுக்கு நேரா இல்லாம கீழே இறங்கி உட்காரும். அதனால புரொப்பல்லர் ஷாப்ட் தாழ்ந்துச்சு, காரோட தரையும் தாழ்ந்துச்சு. ஆனா பல்லுங்க வழுக்கிக்கிட்டே அழுத்தும். சாதாரண ஆயில் தாங்காது, ஈபி ஆயில்தான் ஊத்தணும். அம்பாசிடர் இந்த ஹைப்பாய்டு சாதி. எந்த ஆக்சில்னு தெரியாம கையில கிடைச்ச ஆயிலை ஊத்தறது, சர்க்கரை நோயாளிக்கு ஜாங்கிரி கொடுக்கிற மாதிரி.

மெட்ராஸ் காரின் கதை

தமிழ்நாட்டுக்குன்னே ஒரு ஆக்சில் கதை இருக்கு. வண்டலூர்ல ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-ல் இருந்து ஹெரால்டு கார் செஞ்சுது. அதுல உருண்டை சேஸிஸோட இறுகியிருக்கும், ரெண்டு பின் சக்கரமும் தனித்தனியா ஆடும். ஜாக்கி போட்டுத் தூக்கினா சக்கரத்தோட அடிப்பக்கம் உள்ளே மடங்கிக்கும். இங்கிலாந்துல அதைப் புதுமைன்னு பெருமையா வித்தாங்க. நம்ம ரோட்டுக்கும் நம்ம மெக்கானிக்குக்கும் அது ஒத்துவரல. 1972-ல் கெசல்னு கார் விட்டப்ப பின்னாடி பழையபடி ஒத்தை உத்தரம் மாதிரி கெட்டி ஆக்சிலையே போட்டாங்க. உலகம் முன்னாடி போறப்ப இவங்க பின்னாடி போனாங்கன்னு சிரிச்சவங்க உண்டு. எனக்கென்னவோ, ஊரோட குரலைக் கேட்டு ஒரு கம்பெனி எடுத்த நல்ல முடிவாத்தான் தெரியுது.

இத்தனை தேசத்து ஆக்சில் இங்கே வந்ததுக்குக் காரணமும் வரலாறுதான். 1953-ல் டாரிஃப் கமிஷன், உதிரியைக் கொண்டுவந்து மாட்டி விக்கிற வேலை போதும், இங்கேயே தயாரிக்கிற திட்டம் இருந்தா இருங்கன்னு சொன்னதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிட்டாங்க. மிச்சம் இருந்தவங்க ஆளுக்கொரு வெளிநாட்டுக் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா பாகங்களை இங்கேயே செய்யப் பழகினாங்க. 1981-ல் ஆக்சிலுக்குன்னே ரெண்டு கம்பெனி வந்துச்சு. நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல ஆக்சில்ஸ் இந்தியா, மைசூர்ல ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ். அதுக்கப்புறம் வண்டியோட பேரு வேறயா இருந்தாலும் ஆக்சில் ஒரே இடத்துல பொறந்ததா இருக்கலாம்னு ஆச்சு. தேசம் பாத்துக் குடும்பம் சொல்ற காலம் அதோட மெல்ல மெல்ல முடிஞ்சுது.

இப்ப ஒரு அவசரம் இருக்கு. பழைய வண்டிகளைக் கழிக்கிற கொள்கை 2021-ல் வந்துச்சு. 15 வருஷம் தாண்டின அரசாங்க வண்டிகளோட பதிவு 2023 ஏப்ரல் 1-ல் இருந்து செல்லாது. ஆபீஸ் வாசல்ல நின்ன அம்பாசிடருங்க எல்லாம் எடைக்குப் போகுது. ஆக்சில்ல கொஞ்சம் டிராக்டர் டிரெய்லருக்குப் போகும், மிச்சம் உருக்கு உலைக்குப் போகும். கூடவே, பாத்த உடனே "இது எட்டுக்கு நாப்பத்துமூணு"ன்னு சொல்ற ஆளுங்களும் கம்மியாயிட்டு வர்றாங்க. இவங்களுக்குத் தெரிஞ்ச பல விஷயம் எந்தக் கம்பெனி மேனுவல்லயும் இல்ல. ரெண்டு வண்டியைச் சேர்த்து ஒண்ணாக்கின கதையை எந்தக் கம்பெனி எழுதி வெக்கும்?

அதனால உங்க வீட்டுலயோ தோட்டத்துலயோ பழைய வண்டி நின்னா ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குங்க. ஒயர் பிரஷ் வெச்சு உருண்டை மேல இருக்கிற அழுக்கைச் சுரண்டுங்க. தகடோ, பொறிச்ச எண்ணோ தெரிஞ்சா ஒரு போட்டோ எடுங்க. சாக்பீஸ் கோடு போட்டுச் சுத்தை எண்ணி, ஆர்சி புக் உறைக்குள்ள ஒரு சீட்டுல எழுதி வெச்சிடுங்க.

பி.கு: ஒத்தைச் சக்கரத்தைத் தூக்கறப்ப தரையில இருக்கிற சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை கொடுக்க மறக்காதீங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில தலையை விடாதீங்க. வரலாறு காத்திருக்கும் :)