துரைமாரின் மதுப்பேழையும் திருகோணமலைக் காடும்

பழம்பொருள்களை ஆராதிப்பதற்கென்றே உலகெங்கும் ஒரு கூட்டம் இருக்கின்றது. ஒல்லாந்தர் காலத்து மதுப்பேழையொன்று ஏலத்துக்கு வந்துவிட்டால், அதன் கருங்காலிச் சட்டத்தையும், தந்தப் பதிப்பையும், பூட்டைச் சுற்றியுள்ள வெள்ளித் தகட்டையும் வியந்து பேச அவர்களுக்கு வாய் ஓயாது. எந்தத் தேசாதிபதியின் மாளிகையில் அது நின்றது என்று விசாரிப்பார்கள். அதன் மரம் எந்தக் காட்டில் நின்றது என்று விசாரிப்பவர் அரியர். நாம் இரண்டாவது கேள்வியையே கேட்கின்றோம். அதற்குரிய விடைகளில் ஒன்று, திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேற்கே விரிந்து கிடக்கும் சமவெளிக் காடு.

கோணேசர் கோயிலை இடித்துப் போர்த்துக்கேயர் 1624இல் எழுப்பிய கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடிகள் மாறின, குடியும் விருந்தும் மாறவில்லை. ஒல்லாந்தர் தம் மதுக்குப்பிகளை வைத்த பெட்டியைக் 'கெல்டர்' என்றனர். நிலவறை என்பது அச்சொல்லின் பொருள். நிலவறையைக் கப்பலில் தூக்கி வர முடியாதவர்கள் பெட்டியையே நிலவறையாக்கிக்கொண்டனர் போலும்! உள்ளே சிறு சிறு அறைகள். அவற்றில் சதுரக் குப்பிகள். வட்டக் குப்பிகளைப் போலல்லாமல் அவை இடத்தை வீணாக்கா. கப்பல் ஆடினும் உருளா. 1602இல் தோன்றிய அந்த வணிகக் கம்பனியின் கணக்குப் புத்தி குப்பியின் வடிவத்திலேயே தெரிகின்றது.

கப்பற் பெட்டி எளிமையானது. கரையில், அதிகாரியின் கூடத்தில் நின்ற பேழையின் கதை வேறு. அது விருந்தாளியின் கண்ணைப் பறிக்க வேண்டும். கருங்காலியின் கருமைக்குப் பக்கத்தில் முதிரையின் பொன்மஞ்சளை வைத்தார்கள். கருமையின் மேல் தந்தத்தைக் கொடியும் பூவுமாகப் பதித்தார்கள். பிணைச்சலுக்குப் பித்தளை, செல்வம் மிக்கோர்க்கு வெள்ளி. சிறு பேழைகளுக்கு அழுங்காமையின் ஓடும் பயன்பட்டது. அவ்வோட்டைப் பெறுவதற்கு ஆமையை உயிரோடு தீயின் மேல் பிடித்து, தகடுகள் கிளம்பும்வரை வாட்டினார்கள். தந்தமோ, இலங்கை யானைகளிற் பெண்ணுக்குக் கொம்பில்லை, ஆணிலும் சிலவற்றுக்கே உண்டு என்னும் நிலையில், மிக அரிதான பண்டம். சர்வதேச யானைத்தந்த வாணிபத்தைத் தடைசெய்ய உலக நாடுகள் 1989 வரை காத்திருந்தன.

கருங்காலியின் உழைப்புக் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மரம் முழுவதும் கறுப்பன்று. வெளிறு நீங்கிய பின் நடுவில் எஞ்சும் வைரமே வாணிபச் சரக்கு. மற்றதெல்லாம் வெட்டியவன் காலடியில் கழிவாய்க் கிடக்கும். மகாவலி கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கின்றது. ஆயினும் கருங்காலியை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொணர இயலாது, அது நீரில் அமிழ்ந்துவிடும். நிலத்தின் வழியே இழுத்துத்தான் வரவேண்டும். கடைசற்காரனின் உளி அதன்மேல் அடிக்கடி மழுங்கும். இத்தனை உறுதியான மரத்தின் பெயரை, வேலைநிறுத்தத்தை உடைப்பவனுக்கு ஆங்கிலச் சொல்லைத் தழுவி நம்மவர் சூட்டிவிட்டது மரத்துக்குச் செய்த அநீதியே.

இழைத்தவர் யார்? சோழமண்டலக் கரையிலும், இலங்கையிலும், பத்தாவியாவிலும் ஆசியத் தச்சர்கள் செய்த கருங்காலித் தளபாடங்கள் ஐரோப்பாவுக்குச் சென்றன. 18ஆம் நூற்றாண்டில் ஹொறேஸ் வால்போல் என்னும் ஆங்கிலப் பிரபு அத்தகைய கதிரைகளை வாங்கித் தம் மாளிகையில் வைத்து, அவை டியூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலைப்பாடு என்றே நம்பினார். செய்தவன் பெயர் மறைந்தது மட்டுமா? அவன் கண்டமே மறைந்தது! 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, அங்கே மனிதரை விலைக்கு வாங்கி ஆயிரக்கணக்கில் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியதும் அதே கம்பனிதான்.

மொழியிலும் இச்சரித்திரம் படிந்திருக்கின்றது. அலுமாரி, மேசை, கதிரை, சாவி, பீப்பாய் யாவும் போர்த்துக்கேயச் சொற்கள். லாச்சி ஒல்லாந்தச் சொல். கருங்காலி, முதிரை, பாலை என்பனவோ நம்முடையவை. பொருளுக்கு அவன் பெயர், மரத்துக்கு நம் பெயர்.

குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில், திருகோணமலைக் காட்டில் இரண்டடி விட்டமும் பத்து முதல் பதினைந்தடி வரை நீளமும் கொண்ட முழுக்கறுப்புக் கட்டைகள் எளிதிற் கிடைக்கும் என்று எழுதினார். அதை எழுதுமுன்னரே காடு கைமாறிவிட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மறுதலையாக நிரூபிக்கப்பட்டாலன்றிக் காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. நிரூபிக்க உறுதி வேண்டும். சேனை வெட்டிப் பிழைத்த குடியானவனிடம் உறுதி ஏது? 1885இன் வனச் சட்டம் அந்தப் பிடியை மேலும் இறுக்கியது. பாட்டன் வெட்டிய மரத்தைப் பேரன் வெட்டினால் திருட்டு. கச்சேரியின் அனுமதியோடு வெட்டினால் வருமானம்.

பேழைக்குள் இடம்பெறாத ஒரு மரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாவண்டலை பளபளப்பற்றது, பதிப்பு வேலைக்கு யாரும் அதைத் தேடியதில்லை. ஆனால் ஆங்கிலேய வணிகர் 'திருகோணமலை மரம்' என்று அழைத்தது அதனைத்தான். துறைமுகமில்லாத சென்னைக் கரையின் பேரலைகளை எதிர்த்த மசூலாப் படகுகளுக்கு அம்மரம் சென்றது. துரைமாரும் அவர்தம் குப்பிகளும் கரையேறியது அத்தகைய படகுகளிலே. பீப்பாய்க்கும் அதுவே உகந்தது. இன்றும் இலங்கையின் தென்னஞ் சாராயம் சாவண்டலைத் தொட்டிகளிலே முதிர்கின்றது.