ரொபோவுக்கு முன்னால் ஒரு மேசை

இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். "எனக்குச் செய்தது மனிதன் அல்ல, ரொபோ" என்றார், சற்றுப் பெருமையோடு. அவருக்கு எழுதிய பதிலே இக்கட்டுரையாக விரிந்தது.

இந்நோய்க்காகச் சுரப்பியை முழுமையாக அகற்றும் முறையை 1904இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் ஹியூ ஹம்ப்டன் யங் தொடக்கிவைத்தார். 1940களில் டெரன்ஸ் மிலின் அடிவயிற்றின் வழியாகச் சுரப்பியை அணுகும் பாதையைக் காட்டினார். உயிர் பிழைத்தவர் பலர். ஆனால் ஏறத்தாழ அனைவரும் ஆண்மையை இழந்தனர். சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமற் போனவர்களும் கணிசமானோர். அதனை வெளியே சொல்ல முடியாத ஆண்கள் சிகிச்சையையே தவிர்த்தார்கள். நம் சமூகத்தில் இன்றும் இது வாய்விட்டுப் பேசப்படாத விடயந்தான்.

காரணமான நரம்புகள் எங்கே ஓடுகின்றன என்பது எவருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அவை சுரப்பியின் ஊடாகவே செல்வதாக எண்ணி, இழப்பு தவிர்க்கவியலாதது என்று விட்டுவிட்டார்கள்.

1981 பெப்ரவரியில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸைச் சேர்ந்த பற்றிக் வோல்ஷ் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குச் சென்றிருந்தார். அங்கே பீற்றர் டொங்கர் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், இறந்து பிறந்த சிசுவின் உடலைக் கூறிட்டு, சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகளைத் தேடிக்கொண்டிருந்தார். முதியோர் உடலில் கொழுப்பும் நார்த்திசுவும் நரம்புகளை மறைத்துவிடும். சிசுவில் அவை தெளிவாகத் தெரியும். ஆண்மைக்குரிய நரம்புகள் எவை என்று வோல்ஷ் கேட்டார். தாம் அவற்றைத் தேடியதில்லை என்றார் டொங்கர். இருவரும் சேர்ந்து தேடினார்கள். சில மணி நேரத்தில் விடை கிடைத்தது: அந்நரம்புகள் சுரப்பியின் உறைக்கு வெளியே ஓடுகின்றன! 1982 ஏப்ரலில், 52 வயதான ஒருவருக்கு நரம்புகளைக் காத்து முதலாவது சத்திரசிகிச்சையை வோல்ஷ் செய்தார். ஓராண்டுக்குள் அவர் பழைய நிலைக்குத் திரும்பினார்.

ரொபோ வந்தது பிறகு. போர்முனையில் காயமுற்ற படையினருக்குத் தொலைவிலிருந்தே சத்திரசிகிச்சை செய்யும் கனவுக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பணம் செலவிட்டது. அந்த ஆராய்ச்சியின் வழிவந்ததே 'டாவின்சி' இயந்திரம். (கொல்லவும் காக்கவும் ஒரே கருவூலத்திலிருந்து பணம் வருவதைப் போர் கண்ட நாம் அறிவோம்.) 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்போர்ட்டில் புரொஸ்டேட் சத்திரசிகிச்சைக்கு அது முதன்முதலாகப் பயன்பட்டது. அதனை உலகெங்கும் பரப்பியதில் பெரும்பங்கு டெட்ரொயிட்டின் ஹென்றி போர்ட் வைத்தியசாலையில் பணியாற்றிய மணி மேனனுக்குரியது. கேரளத்தவரான அவர் மருத்துவம் பயின்றது புதுச்சேரி ஜிப்மரில்.

உண்மையில் இந்த இயந்திரம் தானாக எதையும் செய்வதில்லை. சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் வைத்தியரின் விரல் அசைவுகளையே அதன் கைகள் நோயாளியின் உடலுக்குள் நிகழ்த்துகின்றன. காட்சியைப் பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கை நடுக்கத்தை வடிகட்டிவிடும். எந்த நரம்பை விட்டுவைக்க வேண்டும் என்ற அறிவு லெய்டனிலிருந்து வந்தது.

அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்களை இரு பிரிவாக்கி, திறந்த முறையையும் ரொபோ முறையையும் ஒப்பிட்டார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, ரொபோ முறையில் குருதியிழப்புக் குறைவு. சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் ஆண்மையிலும் பன்னிரண்டு வாரங்களின் பின் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாண்டுகளின் பின்னரும் அவ்வாறே.

நண்பர் கடிதத்தை வாசித்துவிட்டு மீண்டும் அழைத்தார். டொங்கரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார்.