பழைய கோல குபு எங்கே?

'பாரு' என்றால் புதியது. அப்படியாயின் பழைய கோல குபு எங்கே என்று மாணவர் வினவினால், நம்மில் எத்தனை பேர் விடையளிப்போம்?

உலு சிலாங்கூர் மலையடிவாரத்தில் இன்று அம்பாங் பெச்சா எனப்படும் இடமே அது. பெயரிலேயே வரலாறு இருக்கிறது: மலாய்மொழியில் 'அம்பாங்' அணை, 'பெச்சா' உடைந்தது. 1883 அக்டோபரில் அவ்வணை உடைந்து, ஊரை வெள்ளம் வாரிச் சென்றது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் மாண்டார். ஊர் மீண்டும் எழுந்தது. ஆனால் ஈயச் சுரங்க மணல் ஆற்றை மேடாக்க, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. 1930ஆம் ஆண்டளவில் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றினர்.

ஃபிரேசர் மலைக்குச் சுற்றுலா செல்கையில் பிள்ளைகளுக்கு அப்பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் அருந்தும் நீரில் பெரும்பகுதி அந்தச் சிலாங்கூர் ஆற்றினுடையது. அவ்வூருக்கு மேலே இன்று வேறோர் அணை நிற்கிறது.