காலிக் கரை

பொம்மையார்பாளையம் கடற்கரையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா கிட்டத்தட்ட 195 கிலோமீட்டர். போனில் நேரலை பூஜ்யத்தைத் தொட்டதும் நிமிர்ந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அவ்வளவு தூரத்தில், தரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உயரம் வரை பூமியின் வளைவே மறைத்துவிடும். அரை நிமிஷம் போல ஆனபிறகு, வடக்கே சவுக்குத் தோப்புக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி ஏறும். சத்தம் கிடையாது. வலப்பக்கம் சாய்ந்து கடலுக்கு மேல் போகும். பிஎஸ்எல்வியின் முதல் அடுக்கில் உள்ள திட எரிபொருளில் அலுமினியப் பொடி கலந்திருப்பதால்தான் அத்தனை வெளிச்சம். இரண்டு நிமிஷத்துக்குள் அது தீர்ந்ததும் புள்ளி மங்கிவிடும்.

இந்தப் புள்ளி ஏன் அங்கிருந்து கிளம்புகிறது? கிழக்கே ஏவினால் பூமியின் சுழற்சி விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தை இனாமாகத் தரும். கழன்று விழும் அடுக்குகளும், தோற்றுப்போகும் ராக்கெட்டுகளும் கடலில் விழும். 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் எஸ்எல்வி-3 வங்கக் கடலில்தான் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18-ல் ரோகிணி சுற்றுப்பாதையை எட்டியது.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: கரை காலியாக இருக்க வேண்டும்.

ஆனால் எந்தக் கரையும் காலியாக இருந்ததில்லை. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பி, அந்தி வானத்தில் சோடியம் ஆவியைப் பரப்பியது. அதை ஊரே அண்ணாந்து பார்த்தது. அந்தத் தளத்துக்காக மீனவர் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, அவர்களுடைய தேவாலயம் விஞ்ஞானிகளின் அலுவலகமானது. 1969-ல் தேர்வான ஸ்ரீஹரிகோட்டா யானாதிப் பழங்குடிகளின் தீவு. சென்னையின் அடுப்புகளுக்கு அங்கிருந்து விறகு வந்த காலம் உண்டு. ஏவுதளம் வந்ததும் அவர்களும் நகர வேண்டியதாயிற்று.

இப்போது குலசேகரன்பட்டினம். துருவப் பாதைக்குத் தெற்கே ஏவ வேண்டும், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் இலங்கை குறுக்கிடும். அதனால் பிஎஸ்எல்வி தென்கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு ஆகும் எரிபொருள் எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுக்குக் கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து தெற்கே திறந்த கடல். 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள், 2,000 ஏக்கருக்கு மேல் நிலம். கணக்கு சரி. பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் மறுப்பே இல்லை. புயல் வருவதைச் சொல்லி மீனவர்களைக் கரையில் நிறுத்துவதும் செயற்கைக்கோள்தான்.

ஒருமுறை பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: “இது கெளம்புற அன்னிக்குப் பழவேற்காட்டு ஆளுங்க கடலுக்குப் போகக் கூடாதாமே தம்பி. நமக்கு வேடிக்கை, அவங்களுக்கு அன்னிக்குத் தொழில் இல்ல.”

குலசையிலிருந்து கிளம்பும் முதல் ராக்கெட்டைப் பார்க்க நானும் போவேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு எப்படியும் ஓர் இடம் ஒதுக்குவார்கள். வலை காயப்போட இடம் மிஞ்சியிருக்கிறதா என்பதையும் அன்றைக்குப் பார்த்துவிட்டு வர வேண்டும்.