சத்திரமும் வீடும்: சியோல் நகரத்து இத்தேவோன் வரலாறு

ஒரு நாட்டாரின் பண்பை அறிய வேண்டின், அவர்தம் அரண்மனைகளையும் கோபுரங்களையும் காண்பது போதாது. அந்நாட்டிற்கு வந்து தங்கிய அயலார் எத்தெருவில் வாழ்கின்றனர், எவ்வாறு வாழ்கின்றனர் என்பதையும் காணல் வேண்டும். அரண்மனை ஆண்டோரின் பெருமையைச் சொல்லும். அயலார் வாழும் தெருவோ குடிமக்களின் உள்ளத்தைச் சொல்லும். கடல் கடந்து வந்து பிறர் மண்ணைத் திருத்திப் பொன் விளைத்த குடியிற் பிறந்த நமக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின், கொரிய நாட்டுத் தலைநகராகிய சியோலில், அயலார் பேட்டை என்றே பெயர் பெற்றுவிட்ட இத்தேவோன் என்னும் பகுதியின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பெயரும் கதையும்

சியோல் நகரின் நடுவே நாம்சான் என்றொரு குன்று உண்டு. அக்குன்றின் தென்சரிவுக்கும் ஹான் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்தது இத்தேவோன். 1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்ட சோசொன் அரசர் காலத்தில், தலைநகருக்கு வரும் பெருவழிகளில் வழிப்போக்கர் தங்குதற்கு அரசாங்கத்தார் சத்திரங்கள் அமைத்திருந்தனர். அத்தகைய சத்திரத்திற்கு அவர்கள் மொழியில் 'வோன்' என்று பெயர். ஆகவே இத்தேவோன் என்னும் பெயரிலேயே சத்திரம் அடங்கியிருக்கின்றது. வருவோர் தங்குவர், பொழுது விடிந்தால் போவர். இவ்விடத்தின் தலைவிதி அன்றே எழுதப்பட்டது போலும்!

இப்பெயரின் முற்பகுதியை இன்று பேரி மரத்தைக் குறிக்கும் சீன எழுத்தால் எழுதுகின்றனர். அங்கே பேரி மரங்கள் மிகுந்திருந்தன என்பது ஒரு விளக்கம். மற்றொரு கதையும் வழங்குகின்றது. 1592 முதல் 1598 வரை ஜப்பானியர் படையெடுத்த காலத்தில், அப்பகுதியிலிருந்த பௌத்த பிக்குணிகளைப் போர்வீரர் கெடுத்தனரென்றும், அதனாற் பிறந்த குழந்தைகளும் தாய்மாரும் அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டனரென்றும், ஆதலால் 'வேற்றுக் கருவின் சத்திரம்' எனப் பொருள்படும் எழுத்துக்களால் அவ்விடத்தை வழங்கினரென்றும் கூறுவர். ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கள் உள்ள மொழியில் எழுத்தை மாற்றிக் கதை கட்டுதல் எளிது. ஆகவே இதனை மெய்யென்று நாம் சாதிக்கப் போவதில்லை. ஆயினும் கதை பொய்யாயினும், அதனைக் கட்டிய மனம் பொய்யன்று. தீங்கு செய்தவனை விட்டுவிட்டுத் தீங்குற்ற பெண்ணையும், ஒன்றுமறியாச் சிசுவையும் ஊருக்கு வெளியே தள்ளும் வழக்கம் எந்த நாட்டுக்குத்தான் புதிது? இத்தேவோனின் பிற்கால வரலாற்றிலும் இதே அநீதியை நாம் காணப் போகிறோம்.

பட்டாளத்தின் நிழல்

இத்தேவோனை அடுத்துள்ளது யோங்சான். ஆற்றங்கரைக்கும் நகர வாயிலுக்கும் அண்மையில் இருந்தமையால், கொரியாவினுள் புகுந்த அன்னியப் படை ஒவ்வொன்றும் அவ்விடத்தின்மீதே கண் வைத்தது. 1882-ஆம் ஆண்டில் சியோலில் கொரியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அதை அடக்க வந்த சீனத் துருப்புக்கள் அப்பக்கத்திலே தங்கின. 1904-இல் ருஷியாவோடு போர் தொடுத்த ஜப்பானியர், அங்கே பெருநிலத்தைக் கைப்பற்றிப் பாசறை கட்டினர். 1910-இல் நாட்டையே விழுங்கிய பின்பு, கொரியரை அடக்கியாளும் படைக்கு அதுவே தலைமை இடமாயிற்று.

1945-இல் ஜப்பான் வீழ்ந்தது, அமெரிக்கர் வந்தனர். 1949-இல் பெரும்பாலும் திரும்பிச் சென்ற அமெரிக்கப் படை, 1950 ஜூன் 25-இல் தொடங்கிய போரினால் மீண்டும் வந்தது. சியோல் நகரம் நான்கு முறை கைமாறிச் சாம்பராயிற்று. 1953 ஜூலை 27-இல் போர்நிறுத்தம் ஏற்பட்ட பின்னர், அமெரிக்க எட்டாம் படையின் தலைமையகம் யோங்சானில் நிலைத்தது. 600 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கோயில், கடை யாவும் அவர்களுக்கென்றே இருந்தன. அனுமதிச் சீட்டில்லாத கொரியன் தன் தலைநகரின் நடுவே உள்ள அந்த மதிலைத் தாண்ட முடியாது. சொந்த நாட்டில் அவன் அயலானான். அயல் நாட்டான் அங்கே உரியவனானான். விந்தையன்றோ இது?

மதிலுக்கு வெளியே நின்றவர் யாவர்? வடக்கிலிருந்து ஓடிவந்த அகதிகளும், ஜப்பானிலிருந்தும் மஞ்சூரியாவிலிருந்தும் திரும்பியவர்களும் நாம்சான் சரிவில் பலகையும் தகரமும் கொண்டு குடிசை போட்டனர். அவ்விடத்திற்கு ஹேபாங்சோன், அதாவது விடுதலைக் கிராமம், என்று பெயர். பெயரில் விடுதலை இருந்தது. வயிற்றில் பசி இருந்தது. பாசறையிலிருந்து வெளிவந்த தகர டப்பா இறைச்சியையும் தங்கள் காரக் கீரை ஊறுகாயாகிய கிம்ச்சியையும் ஒன்றாக வேகவைத்து மக்கள் உண்டனர். 'பட்டாளத்துக் குழம்பு' எனப் பொருள்படும் அவ்வுணவை இன்று செல்வரும் கடைகளில் விலை கொடுத்து உண்கின்றனர்.

இத்தேவோன் பெருந்தெருவோ பாசறையின் கடைவீதியாயிற்று. தையற்காரர், தோற்பை விற்போர், சாராயக் கடையினர் ஆகியோர் ஆங்கிலப் பெயர்ப்பலகை மாட்டினர். படைவீரர் முன் பாடிப் பிழைத்த கொரிய இசைவாணர், அங்கே கற்ற புதிய இசையைப் பின்னர் நாடெங்கும் பரப்பினர். ஷின் ஜுங்-ஹியொன் என்பார் அவ்வழி வந்தவர்களுள் தலைசிறந்தவர்.

இவற்றோடு விபசார விடுதிகளும் தோன்றின. நாடெங்கும் பாசறைகளைச் சுற்றி எழுந்த அத்தகைய குடியிருப்புக்களில் வறிய பெண்கள் பல்லாயிரவர் சிக்கினர். நாட்டுக்கு டாலர் வேண்டும் என்று அரசாங்கமே அதனைக் கண்டும் காணாதது போலிருந்ததோடு நில்லாமல், பெண்களை வலிந்து நோய்ச் சோதனை செய்து, நோயுற்றவரென்று ஐயுற்றோரை அடைத்தும் வைத்தது. ஊராரோ அப்பெண்களையும் அவர்கள் ஈன்ற கலப்புக் குழந்தைகளையும் இகழ்ந்தனர். அப்பெண்களுள் சிலர் முதுமையில் வழக்காடினர். 2022 செப்டம்பர் 29-இல் கொரிய உச்ச நீதிமன்றம், அரசாங்கமே அத்தொழிலை ஊக்கி அவர்தம் மனித உரிமையைக் கெடுத்தது என்று தீர்ப்பளித்து, நட்டஈடு தரச் செய்தது. நானூறு ஆண்டுகட்கு முந்திய பழங்கதையில் பெண்ணின்மீது சுமத்தப்பட்ட பழியை ஒரு நீதிமன்றம் இறக்கி வைத்தது என்றே இதனைக் கொள்ளலாம்.

குன்றின்மேற் பள்ளிவாசல்

இத்தேவோனின் மேட்டில் இரண்டு ஸ்தூபிகளோடு நிற்கும் பள்ளிவாசல், நம் நேயர்கள் சிறப்பாக அறியத்தக்கது. கொரியப் போரில் ஐக்கிய நாடுகளின் சார்பில் போரிட வந்த துருக்கி வீரருடன் வந்த இமாம்களே அந்நாட்டவர் சிலருக்கு இஸ்லாத்தை முதலில் எடுத்துரைத்தனர். சிறிய கூட்டமாயிருந்த அவர்கள் பள்ளிவாசல் கட்ட விரும்பியபோது, 1962-இல் உதவ முன்வந்தது மலாயா அரசாங்கம். 33,000 அமெரிக்க டாலர் தருவதாக அறிவித்தது. எனினும் விலைவாசி ஏற்றத்தால் அம்முயற்சி கைகூடவில்லை. பின்னர்க் கொரிய அரசாங்கம் நிலம் அளிக்க, சவூதி அரேபியா முதலிய நாடுகள் பொருள் அளிக்க, 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது திறக்கப்பட்டது. எண்ணெய் நாடுகளின் நட்பைக் கொரியா நாடிய காலம் அது என்பதையும் மறத்தலாகாது.

ஒரு வழிபாட்டிடம் எழுந்தால் அதனைச் சுற்றி ஓர் ஊர் எழும். ஹலால் இறைச்சிக் கடைகள், மசாலைச் சரக்குக் கடைகள், துருக்கிய ரொட்டிக் கடைகள், பாகிஸ்தானியரும் வங்காளியரும் நடத்தும் உணவகங்கள் ஆகியவை அம்மேட்டுத் தெருவில் நிறைந்தன. வெள்ளிக்கிழமை நண்பகலில் அங்கே பல நாட்டு மொழிகள் ஒலிக்கும். கீழ்த் தெருக்களில் நைஜீரியர் முதலிய ஆப்பிரிக்கர் தம் கடைகளை வைத்தனர்.

ஆயின் இதே நாட்டின் தேகு என்னும் நகரில் நடந்தது வேறு. பல்கலைக்கழகத்துக்கு அருகே முஸ்லிம் மாணவர் ஒரு பள்ளிவாசல் கட்டத் தொடங்கியபோது, அண்டை வீட்டார் எதிர்த்தனர். 2021-இல் வட்டார அலுவலகம் வேலையை நிறுத்தியது. 2022-இல் உச்ச நீதிமன்றம் கட்டுவது சட்டப்படி சரியென்று தீர்த்த பின்னும், அவ்விடத்தில் பன்றித் தலைகளை வைத்து இழிவு செய்தவர் உண்டு. நிலம் கொடுக்க அரசாங்கம் மனம் வைத்தால் ஒரு நாளில் முடியும். அயலான் மனம் இளகுதற்கோ ஒரு தலைமுறை வேண்டும்.

இருவகை அயலார்

இத்தேவோனில் குடியேறும் அயலானுக்கு முதலில் வியப்பளிப்பது வீட்டு வாடகை முறையே. கொரியாவில் 'ஜொன்சே' என்றொரு முறை உண்டு. குடியிருக்க வருபவன் வீட்டு விலையிற் பாதிக்கு மேலான தொகையை உரிமையாளரிடம் ஒருசேரக் கொடுத்துவிட்டு, மாதவாடகை இன்றிப் பெரும்பாலும் இரண்டாண்டு வாழ்ந்து, போகும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறுவான். அத்தொகைக்கு அயலான் எங்கே போவான்? ஆகவே அவன் முன்பணத்தோடு மாதவாடகை கொடுப்பான். இத்தேவோனிலோ ஓராண்டு, ஈராண்டு வாடகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் வழக்கமும் ஏற்பட்டது. தூதரக அதிகாரிகளும் பெரிய கம்பெனித் துரைமார்களும் அடுத்துள்ள ஹன்னாம் மேட்டில் மாளிகைகளில் வாழ்ந்தனர். பள்ளிவாசல் மேட்டிலோ ஒடுங்கிய சந்துகளில் ஒற்றை அறைகளில் எளியோர் வாழ்ந்தனர். இரு சாராரும் அயலாரே. ஆனால் ஒருவர்க்கு 'விருந்தினர்' என்ற பெயர், மற்றவர்க்கு 'கூலிகள்' என்ற பெயர்!

கூலிகளின் வரலாறு இன்னும் கசப்பானது. 1990-களில் ஆசிய நாடுகளிலிருந்து ஆலைகளுக்கு ஆள் சேர்த்தபோது, அவர்களைத் தொழிலாளி என்னாமல் 'பயிற்சியாளர்' என்று அழைத்தனர். பெயரை மாற்றியதால் சட்டம் தந்த பாதுகாப்பும் போயிற்று. 1995 ஜனவரியில் நேபாளத் தொழிலாளர் சிலர் சியோலின் மியோங்டோங் மாதாகோயில் முன் உடலில் சங்கிலி சுற்றிக்கொண்டு அமர்ந்து, தாங்களும் மனிதரே, தங்களை அடிக்கலாகாது என்று முறையிட்டனர். கொரியர் பலர் அதைக் கண்டு வெட்கினர். 2004-இல் வேலை அனுமதி முறை வந்தது. இலங்கையும் அதில் முதலிற் சேர்ந்த நாடுகளுள் ஒன்று. குறைந்த அளவுக் கூலியும் தொழிற்சட்டமும் அயலார்க்கும் கிட்டின. எனினும் முதலாளியின் இசைவோ சட்டம் கூறும் காரணமோ இன்றி வேறிடம் மாறுதல் அரிதாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்திற்குப் போகவியலாத நிலை 1921-இல் ஒழிந்ததென்பதை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். இக்கட்டுப்பாடு செல்லுமென்று 2021-இல் அரசியற்சட்ட நீதிமன்றமும் கூறிவிட்டது. 2024 ஜூன் 24-இல் ஹ்வாசொங் நகரத்து மின்கல ஆலை ஒன்று தீப்பற்றியபோது மாண்ட 23 பேரில் 18 பேர் அயல்நாட்டுத் தொழிலாளர். அபாயமான வேலை யாருக்கு ஒதுக்கப்படுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஒரு சந்தின் துயரம்

1988-இல் சியோலில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுக்களால் இத்தேவோன் உலகறிந்த கடைவீதியாயிற்று. 1997-இல் அது சுற்றுலாத் தனிவட்டாரமாக அறிவிக்கப்பட்டது. 2018-இல் அமெரிக்கப் படைத் தலைமையகம் தெற்கேயுள்ள பியோங்தெக்குக்கு மாறியது. பட்டாளம் போயிற்று, ஆயினும் கொரிய இளைஞர் திரண்டு வந்தனர். வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் வயதுக்கும் பதவிக்கும் தலைவணங்கியே பழகிய அவர்கட்கு, யாரும் யாரையும் கேள்வி கேளாத அத்தெரு ஒரு மூச்சுவிடும் இடமாயிற்று.

2022 அக்டோபர் 29-ஆம் நாள் இரவு, ஹாலோவீன் களிப்புக்கு வந்த கூட்டம், பெருந்தெருவுக்கு இறங்கும் ஒரு சரிவான சந்தில் நெருங்கிற்று. அச்சந்தின் அகலம் குறுகிய இடத்தில் 3 மீட்டர் அளவே. மாலை 6.34 மணி முதலே, 'நசுங்கிவிடுவோம்' என்று போலீசாருக்குத் தொலைபேசி முறையீடுகள் சென்றன. பத்தே கால் மணியளவில் கேடு நேர்ந்துவிட்டது. மாண்டோர் 159 பேர்; அவருள் 26 பேர் அயல்நாட்டார்; இலங்கையிலிருந்து பிழைக்கச் சென்ற இளைஞர் ஒருவரும் அவருள் அடங்குவர். ஒருவர்மேல் ஒருவர் வீழ்ந்து மடிந்த அவ்விடத்தில் கொரியர் யார், அயலார் யார் என்று சாவு கேட்கவில்லை. கடமை தவறியதற்காக அவ்வட்டாரத்தின் முன்னாள் போலீஸ் தலைவருக்கு 2024-இல் கீழ்நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. அன்றிரவு பிள்ளையை இழந்த பெற்றோர் பல நாடுகளிலிருந்தும் ஒரே தெருவில் நின்று அழுதனர்.

முடிவாக

கொரியாவை நாம் இகழ வேண்டுவதில்லை. நிரந்தரக் குடியுரிமைச் சீட்டுப் பெற்று மூன்றாண்டு கழிந்த அயலார்க்கு உள்ளூர்த் தேர்தலில் வாக்குரிமை அளித்து, 2006-இல் வாக்களிக்கச் செய்த நாடு அது.  ஆயினும் 2021 மார்ச்சில், சியோல் நகராட்சி அயல்நாட்டுத் தொழிலாளர் அனைவரும் கொரோனாச் சோதனை செய்துகொள்ள வேண்டுமென்று கட்டளையிட்டதும் அதே நாட்டில்தான். கண்டனம் எழுந்ததும் இரண்டொரு நாளில் அக்கட்டளை மாற்றப்பட்டது. நோய்க்கிருமி கடவுச்சீட்டைப் பார்த்துத் தொற்றுவதில்லை என்பதைப் படித்த அதிகாரிகளுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது! வேற்றுமை பாராட்டலைத் தடுக்கும் பொதுச்சட்டம் 2007-இல் முதன்முதல் முன்வைக்கப்பட்டும், 2024 முடியவும் நிறைவேறவில்லை.

இத்தேவோன் சத்திரமாகத் தொடங்கிற்று. சத்திரத்தில் வந்தவனுக்குச் சோறு உண்டு, பாய் உண்டு. உரிமை மட்டும் இல்லை. வீடாவது, சண்டையிட்ட மறுநாளும் ஒருவன் உரிமையோடு கதவைத் திறந்து நுழையுமிடம். உழைப்பைப் பெற்றுக்கொண்டு, உழைப்பாளியை மட்டும் பொழுது விடிந்ததும் போகச் சொல்லும் நாடு, எத்துணை மாடங்கள் கட்டினும் சத்திரமே. அவனுக்கும் ஒரு திறவுகோல் கொடுக்கும் நாடே வீடாகும். கொரியரின் நிலை இது. நம் தெருவிற் புதிதாய் வந்து குடியேறிய வங்காளியையும் நேபாளியையும் பர்மியனையும் நாம் எக்கண்கொண்டு நோக்குகிறோம் என்பதை, நேயர்கள் இதனைப் படித்து முடித்த பின்னர்த் தம்முள்ளே கேட்டுக்கொள்வார்களாக.