‘மூன்றில் ஐந்து’: கீழ்வாயிலக்கம் காட்டும் வேறொரு வழி

5/3 என்று எழுதித் தமிழில் படித்துப் பாருங்கள். பள்ளியில் பழகிய வாய் ‘மூன்றில் ஐந்து’ என்றே சொல்லும். மூன்றே பங்கு உள்ள பண்டத்திலிருந்து ஐந்து பங்கை எப்படி எடுப்பது என்று ஒரு மாணவி திகைத்தால், பிழை அவளிடம் இல்லை. பின்னம் என்பது ஒரு முழுமைக்குள் அடங்கிய துண்டு என்று நாம்தான் கற்பித்தோம். துண்டு முழுமையை மிஞ்சியதும் ‘தகா பின்னம்’ என்று பெயரிட்டு ஒதுக்கினோம்.

இந்தத் திகைப்புக்கு இடமில்லாத எண்முறை தமிழில் இருந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் மனப்பாடம் செய்த கீழ்வாயிலக்கம் முழுமையை வெட்டிக் கீழே இறங்குவதில்லை; சிறியதை எண்ணி மேலே ஏறுகிறது. பதினொரு மும்மி சேர்ந்தது ஓர் இம்மி. இருபத்தோர் இம்மி ஒரு கீழ்முந்திரி. 320 கீழ்முந்திரி ஒரு முந்திரி. 320 முந்திரி ஒன்று. இந்த ஏணியில் ‘ஒன்று’ ஒரு படி, அவ்வளவே. ஐந்து கால் என்றால் ஒன்றேகால் என்பதில் யாருக்கும் தடுமாற்றம் இராது. காலையும் மாம்பழத்தை எண்ணுவதுபோல் எண்ணிவிடலாம்.

பின்னக் கூட்டலின் உட்பொருளும் இங்கேதான் இருக்கிறது. முக்காலும் நாலுமாவும் சேர்ந்தால் எவ்வளவு? முக்கால் 240 முந்திரி, நாலுமா (1/5) 64 முந்திரி. ஆக 304, அதாவது இருபதில் பத்தொன்பது. வகுப்பறையில் இதையே மீச்சிறு பொது மடங்கு என்ற விதியாகச் சொல்கிறோம். இரண்டு பின்னங்களும் முழு எண்களாகிவிடும் ஒரு சிறிய அளவையைத் தேடுவதே அந்த விதியின் வேலை. இதைச் சொல்லாமல் விதியை மட்டும் கொடுத்தால், 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று பிள்ளைகள் எழுதுவார்கள். விடை அரையைவிடச் சிறுத்துப் போனதும் அவர்கள் கண்ணில் படாது.

கீழ்வாயிலக்கம் எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் வாதிடவில்லை. 320-இன் காரணிகள் இரண்டும் ஐந்தும் மட்டுமே. ஆகவே மூன்றில் ஒன்றை முந்திரியால் சரியாக அளக்க முடியாது: 106 முந்திரி போக மிச்சம் நிற்கும். இருபத்தொன்று என்ற விந்தையான எண் இம்மியில் ஏன் வந்தது என்பதற்கு இதில் ஒரு விடை கிடைக்கிறது என்பது என் கருத்து. அது மூன்றையும் ஏழையும் கொண்டுவருகிறது. அதன்பின் மூன்றில் ஒன்று 34,133 கீழ்முந்திரியும் ஏழு இம்மியுமாக மீதியின்றி முடிகிறது. மும்மியின் பதினொன்று அடுத்த பகா எண்ணுக்கு வழி விடுகிறது. பதின்மூன்றுக்கு இந்த வரிசையில் இடமில்லை. எந்த எண்ணையும் பகுதியாக வைக்க இடம்தரும் இன்றைய குறியீட்டின் வலிமை அங்கே தெரிகிறது.

வலிமையான அந்தக் குறியீட்டைப் பழைய எண்ணும் முறையோடு சேர்த்துப் படிக்கத் தடை ஏதும் இல்லை. ‘முக்காலே மூணு வீசம் முடிந்தது’ என்று இன்றும் சொல்கிறோம். முக்கால் என்பது பன்னிரண்டு வீசம். மூன்றைக் கூட்டினால் பதினைந்து. பதினாறாவது வீசம் வந்தால் ஒன்று. பதினேழாவதும் வரலாம், எண்ணிக்கை அங்கே நிற்காது. 5/3-ஐயும் ‘மூன்றிலொன்று, ஐந்து தடவை’ என்று வாசிக்கப் பழக்கலாம். எண்கோட்டில் மூன்றிலொன்று நீளமுள்ள எட்டுகளை வைத்து நடக்கும் மாணவி மூன்றாம் எட்டில் ஒன்றை மிதிப்பாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் 5/3.