மிளகாய் நம்ம கொல்லைக்கு வந்த கதை

நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். எனக்குத் தெரிந்த மிளகாயைப் பற்றியே எழுதுகிறேன்.

நம்ம ஊர் சமணர் மலையில் செட்டிப்புடவுச் சிற்பத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அதைச் செதுக்கி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றைக்கு இந்த ஊரில் ஒரு அடுப்படியிலும் மிளகாய் கிடையாது என்றால் நம்புவீர்களா? காரத்துக்கு மிளகுதான். மழையும் நிழலும் உள்ள மேற்கு மலையில் விளைவது அது. நம்ம காய்ந்த பூமியில் வராது. காசு கொடுத்துத்தான் வாங்கணும்.

மிளகாய்க்குச் சொந்த ஊர் மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கம். 1492-ல் இந்தியாவுக்கு வழி தேடிக் கிளம்பிய கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளில் போய் இறங்கினார். அங்கே கண்ட காரக்காயை மிளகோடு சேர்த்துப் பேசினார். அதனால்தான் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெப்பர் என்றே பேர். நம்ம முன்னோரும் அப்படித்தான். மிளகு போல உறைக்கும் காய், மிளகாய். 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்த பிறகு, போர்த்துக்கீசியர் கப்பல் வழியாக அது இந்தியாவுக்கு வந்தது.

விதையைக் காயவைத்தால் அடுத்த வருஷம் கொல்லையிலேயே முளைக்கும். அதனால் ஏழை வீட்டுக்கும் காரம் வந்தது. பக்கத்து ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது.

போன வருஷம் எங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து, கொல்லையில் பறித்த பழமிளகாயில் தொக்கு போட்டோம். பத்தாம் நாள் பூஞ்சணம் பூத்துவிட்டது. நாற்பது பாட்டிலும் குப்பைக்குப் போனது. குழுக்கடன் தவணையை நினைத்து எனக்கு ராத்திரித் தூக்கம் இல்லை. என் மாமியார்தான் சொன்னார்கள்: "காம்பைக் கிள்ளிட்டுக் கழுவினா உள்ளே தண்ணி போயிரும்த்தா. காம்போட கழுவி, துணியில துடைச்சு, நிழல்ல உலர்த்து. அப்புறம் கிள்ளு."

அப்படியே செய்தோம். புளி, கல்லுப்பு சேர்த்து, தண்ணீர் விடாமல் ஆட்டி, நல்லெண்ணெயில் எண்ணெய் பிரியும் வரை கிண்டினோம். ஈரமில்லாத பாட்டிலில் அடைத்தோம். கெடவில்லை. விற்று, தவணையும் கட்டினோம்.

கப்பல் ஓட்டியவர் பேரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. முதலில் கொல்லையில் விதை போட்டது யார், அம்மியில் அரைத்துப் பார்த்தது யார் என்று எழுதி வைக்கவில்லை. நம்மைப் போல ஒரு பொம்பளையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது நாமே பாக்கெட் தூளுக்கு மாறிவிட்டோம். அன்றைக்கு மிளகுக்குக் காசு கொடுத்த மாதிரி மறுபடி கொடுக்கிறோம். வீரிய ரகத்தில் விதை எடுத்தால் அதே காய் வராது. நாட்டுச் செடியாகப் பார்த்து, நல்ல பழமாக நாலை விதைக்கு விட்டு வையுங்கள், அக்கா.